விசில் ஊதிக் கட்டின மண்டபம்

அந்தப் பையை இப்படிக் குடுங்க, மடியில வெச்சுக்கறேன். நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி ஒக்காருங்க. ஆச்சு. இந்த பஸ்சுல சன்னலோரம் எப்பவும் எனக்குத்தானுங்க. கண்டக்டருக்கே தெரியும். வாரத்துல பாதி நாளு இதுலதான் போறேன், வர்றேன்.

இப்பக் காங்கேயம் தாண்டுனமே, ரோட்டோரம் ஒரு கல்யாண மண்டபம் பாத்தீங்களா? முன்னால பெரிய பெரிய தூணு, வாசலுக்கு ரெண்டு பக்கமும் சிமெண்ட்டுல காங்கேயங் காளை நிக்கும். பாக்கலையா? தூங்கிட்டீங்களா? அடடா. சரி, திரும்பி வர்றப்பப் பாருங்க. அது நான் கட்டுனதுங்க.

நான் கட்டுனதுன்னா, காசு மொதலாளியோடது. படம் போட்டது கோயமுத்தூரு இன்ஜினியரு. செங்கல் வெச்சது கொத்தனாருக. கலவை சுமந்தது சித்தாளுக. மத்ததெல்லாம் நானுங்க.

என்ற பேரு தெய்வசிகாமணி. சைட் சூப்பர்வைசரு. மொதலாளி பேரு ரத்தினசபாபதி, தேங்காயெண்ணெய் மில்லு வெச்சிருக்கறாரு. நல்ல மனுசன். கோவம் வந்தாத்தான் சத்தம் போடுவாரு. கோவம் தெனமும் வரும். அவருக்கு ஒரே பொண்ணு, மிருதுளா. பல் டாக்டருக்குப் படிச்ச புள்ள. அந்தப் புள்ளைக்கு மாப்பிள்ளை பேசி முடிச்சதும், "என்ற மக கல்யாணம் இன்னொருத்தன் மண்டபத்துல நடக்கப்படாது"ன்னு சொல்லிப்போட்டு, ரோட்டோரம் இருந்த தென்னந்தோப்புல பாதிய அழிச்சு மண்டபம் கட்ட ஆரம்பிச்சுட்டாரு. சித்திரையில அஸ்திவாரத்துக்குக் கடக்கால் போட்டோம். மாசியில முகூர்த்தம். ஊருப்பூரா சொல்லியாச்சு.

ஆளுக ஊத்தங்கரைப் பக்கமிருந்து வந்தவிங்க. பெரிய கொத்தனாரு முனிரத்தினம். வாயத் தொறந்தா வெத்தலைச் சாறுதான் வரும், பேச்சு வராது. அவருக்கும் சேத்துப் பேசறதுக்கு அவரு சம்சாரம் பச்சையம்மா. சித்தாளுகளுக்கெல்லாம் அதுதான் தலைவி. சைட்டுக்குப் பின்னால தகரக் கொட்டாய் போட்டுக் குடும்பங்குடும்பமாத் தங்கியிருந்தாங்க. பச்சையம்மா வந்ததும் மொத வேலையா மகளைக் கூட்டிக்கிட்டுப் போயிப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துல சேத்துருச்சு. "இந்த வருசமாச்சும் ஒரே எடத்துல படிக்கட்டும் சார். போன வருசம் டீச்சர் பேரு மனப்பாடம் ஆகறதுக்குள்ள ஊரு மாறிட்டோம்"னுச்சு. எனக்கென்னங்க, படிக்கட்டும். எனக்கு மண்டபம் எந்திரிக்கணும்.

ஆனா அதுதான் எந்திரிக்கல. ஆடி வந்தும் பந்தி போடற சோத்துக்கூடத்துக்குச் செவுரு இடுப்பு ஒசரத்துல நிக்குது. மொதலாளி ஒரு நாளு காத்தால வந்து கயித்துக் கட்டலப் போட்டு ஒக்காந்துட்டாரு. மத்தியானம் வரைக்கும் பாத்தாரு. அப்புறம் கூப்பிட்டாரு.

"சிகாமணி, இத்தனை பேரு இருக்கறாங்க. வேலை எங்கயப்பா?"

"நடக்குதுங்க மொதலாளி."

"எங்க நடக்குது? நானும் பாத்துக்கிட்டே இருக்கறேன், ஆளுகதான் நடக்கறாங்க. இங்கிருந்து அங்க போறாங்க, அங்கிருந்து இங்க வர்றாங்க. செங்கல்லு அப்படியே கெடக்குது."

உண்மைதானுங்க. எனக்கும் அது புரியலதான். அப்பத்தான் இன்ஜினியரு ஒரு யோசனை சொன்னாரு. கோயமுத்தூருல ஒரு பெரிய ஓட்டல்ல ஒரு நாள் பயிற்சி வெக்கறாங்க, கட்டட வேலையில ஆளுகளோட உற்பத்தித்திறனைக் கூட்டறது எப்படின்னு. சிகாமணிய அனுப்புங்கன்னாரு. மொதலாளி அனுப்பிட்டாரு. எங்க பக்கத்துலயே அந்தப் பயிற்சிக்குப் போன ஒரே சூப்பர்வைசரு நாந்தானுங்க. இப்பவும் அங்க குடுத்த பேரு அட்டை என்ற சட்டைப் பையில இருக்குது. பாக்கறீங்களா? சரி, அப்புறம் பாக்கலாம்.

ஒரு சாரு கழுத்துப்பட்டை கட்டிக்கிட்டுப் பேசுனாரு. என்னமாப் பேசறாருங்க! "ஒரு தொழிலாளி சைட்டுல இருக்கற நேரமெல்லாம் வேலை நேரமில்ல. அவன் கையில கருவி புடிச்சு வேலை செய்யற நேரந்தான் வேலை நேரம். மிச்சமெல்லாம் வீணாப் போற நேரம். அந்த வீண் எங்க இருந்து வருது, யாரால வருது? அதை மத்தியானம் பாக்கலாம்"னாரு. எனக்கு அப்பவே பொறி தட்டிருச்சு. யாராலன்னு எனக்குத் தெரியாதுங்களா? இத்தனை வருசமா சைட்டுல நிக்கறவன்.

மத்தியானம் சாப்பாடு. அதையும் சொல்லணும். பிரியாணி, மீன் வறுவல், அதுக்கு மேல சுடச்சுடக் குலாப் ஜாமூன், அதுக்கு மேல ஐஸ்கிரீம். சுடுறதையும் குளுர்றதையும் ஒண்ணா ஒரே கிண்ணத்துல போட்டுக் குடுக்கறான். சாப்பிட்டு வந்து ஏசியில ஒக்காந்து கண்ணை மூடிக் கேட்டேனுங்க. கண்ணை மூடிக் கேட்டாத்தான் விசயம் உள்ள எறங்கும். எல்லாரும் கை தட்டுற சத்தத்துல முழிச்சேன், முழிச்சேன்னா, கண்ணைத் தொறந்தேன். பலகையில "சூப்பர்வைசர் செய்ய வேண்டியவை"ன்னு எழுதி, கீழ என்னென்னமோ எழுதியிருந்துச்சு. படிக்கறதுக்குள்ள அழிச்சுட்டாரு. பரவாயில்ல, முக்கியமானதெல்லாம் காத்தாலயே சொல்லியாச்சே.

வர்ற வழியில ஒரு விசிலும் ஒரு ஸ்டாப்வாட்ச்சும் வாங்கிக்கிட்டேன். ரெண்டையும் ஒரே கயித்துல கோத்துக் கழுத்துல போட்டுக்கிட்டேன். மறுநாளு ஆளுகளையெல்லாம் வரிசையா நிக்க வெச்சேன்.

"இன்னியிலிருந்து இந்த சைட்டுல ஒரு நிமிசம் வீணாகப்படாது. விசில் ஒரு தடவை ஊதுனா வேலை ஆரம்பம். ரெண்டு தடவை ஊதுனா டீ. நீட்டி ஊதுனா சோறு. நடுவுல யாரும் பேசப்படாது."

பச்சையம்மா கேட்டுச்சு: "இருமல் வந்தா எப்படி ஊதுவீங்க சார்?"

நான் விசிலை ஒரு தடவை ஊதிட்டேன். பயிற்சிக்குப் போயிட்டு வந்தவன் எதுக்கெடுத்தாலும் பதில் சொல்லப்படாது.

மொத நாளே விசிலு நல்லா வேலை செஞ்சுதுங்க. ரோட்டுல போன லாரியெல்லாம் நின்னுருச்சு. செக் போஸ்ட்டுன்னு நெனச்சு ஒரு டிரைவரு எறங்கி வந்து வண்டி காயிதத்தை நீட்டறான். அவ்வளவு தூரம் கேக்குது பாருங்க.

பேசப்படாதுன்னு சொன்னதுதான் அவிங்களுக்கு வயித்தெரிச்சல். சாரத்து மேல நிக்கற முனிரத்தினத்துக்குக் கலவை வேணும். அவரு கையில உருட்டிக் காட்டறாரு. கீழ இருக்கறவ தண்ணிக் கொடம் கொண்டு போறா. இல்லேன்னு தலையாட்டறாரு. செங்கல்லு போகுது. மறுபடி உருட்டறாரு. லட்டு வேணுமாட்ட இருக்குதுன்னு எவளோ ஒருத்தி சொல்லிப்போட்டா. அவ்வளவுதான், சைட்டே சிரிக்குது. முனிரத்தினம் வெத்தலைய முழுங்கிட்டாரு. நான் விசில் ஊதுனேன். வேலை ஆரம்பிக்கவா, டீ குடிக்கவான்னு கேட்டுப் பாதிப் பேரு டீக்கடைக்குப் போயிட்டாங்க. அப்புறம் சிரிப்பையும் தடை பண்ணுனேன். சிரிப்பைத் தடை பண்ணுனா இன்னும் சிரிப்பு வருதுங்க. அது ஏன்னு அந்தப் பயிற்சியில சொல்லல.

ஸ்டாப்வாட்ச் எடுத்துக்கிட்டு ஒவ்வொருத்தர் பக்கத்துலயும் போயி நின்னேன். நான் பக்கத்துல நின்னதும் அவிங்க வேலை செய்யற அழகு இருக்குதே! செங்கல்லைப் பொறந்த கொழந்தையத் தூக்கற மாதிரி ரெண்டு கையில தூக்கறாங்க. தண்ணியில நனைக்கறாங்க. தொடைக்கறாங்க. ரசமட்டம் வெச்சுப் பாக்கறாங்க. என்னைப் பாக்கறாங்க. மறுபடி ரசமட்டம் வெச்சுப் பாக்கறாங்க. இவ்வளவு பொறுப்பா எந்த ஊருல வேலை செய்யறாங்க, சொல்லுங்க? ஆனா செவுரு மட்டும் ஏறல.

அப்புறம் போட்டி வெச்சேன். சோத்துக்கூடத்துக்கு மேலண்டைச் செவுரு ஒரு கூட்டத்துக்கு, கீழண்டைச் செவுரு இன்னொரு கூட்டத்துக்கு. மொதல்ல முடிக்கறவிங்களுக்குப் பிரியாணி. அன்னிக்குத்தாங்க சைட்டுல வேகம்னா என்னன்னு பாத்தேன். புழுதி பறக்குது. மேலண்டைக் கூட்டம் பொழுது எறங்கறதுக்குள்ள ஆளு ஒசரத்துக்கு முடிச்சுட்டுப் பிரியாணிக்குக் கை கழுவிக்கிட்டு நிக்குது. மறுநாளு இன்ஜினியரு வந்தாரு.

"சன்னல் எங்க?"ன்னாரு.

சன்னலுக்கு எடம் விடாமக் கட்டிப்போட்டாங்க. சன்னல் எங்கெங்க வரணும்னு படத்துல தெளிவா இருக்குதுங்க. படம் என்ற ரூம்புலதான் பத்திரமா மடிச்சு வெச்சிருந்தேன், அழுக்காகப்படாதுன்னு. கேட்டா எடுத்துக் காட்டியிருப்பேனே? கேக்கல. பேசப்படாதுன்னு நீங்கதானே சொன்னீங்கங்கறாங்க. எதுக்குப் பேசணும், எதுக்குப் பேசப்படாதுன்னு தெரிய வேண்டாமா? செவுத்த இடிச்சோம். பிரியாணிய மட்டும் திருப்பி வாங்க முடியல.

நீங்க சிரிக்காதீங்க. அப்ப என்ற மனசு எப்படி இருந்துச்சு தெரியுமா? எல்லாம் செஞ்சும் ஏன் இப்படி ஆகுதுன்னு ஒக்காந்து யோசிச்சேன். பயிற்சியில சொன்ன மாதிரி, வீண் நேரம் எங்க இருந்து வருதுன்னு சைட்டைச் சுத்திச் சுத்தி வந்து அளந்தேன். கண்டுபுடிச்சுட்டேனுங்க. சைட்டுலயே ரொம்பப் பேரு ரொம்ப நேரம் சும்மா நிக்கற எடம் ஸ்டோர் ரூம்புக்கு முன்னாலதான். எப்பப் பாத்தாலும் அங்க நாலஞ்சு பேரு நிப்பாங்க. ஆணிக்கு நிப்பான் ஒருத்தன், கயித்துக்கு ஒருத்தன், சிமெண்ட்டு மூட்டைக்கு ரெண்டு பேரு.

ஸ்டோர் சாவி என்ற இடுப்புலதான் இருக்கும். மொத நாள்லயிருந்தே அப்படித்தான். பயிற்சிக்குப் போயிட்டு வந்த பொறவு கரண்டி, மம்பட்டி, கலவை சுமக்கற பாண்டுச் சட்டி, அதையும் உள்ள வெச்சுப் பூட்டிப்போட்டேன். ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்னைத் தேடி வருவாங்க தெரியுங்களா? நானில்லாம அங்க ஒரு ஆணி நகராது. நான் அந்தக் கடைசியில வாட்ச்சப் புடிச்சுக்கிட்டு நிப்பேன். பச்சையம்மா அங்கிருந்து நடந்து வரும்.

"சார், ஆணி வேணும்."

"எதுக்கு?"

"அடிக்கத்தான்."

"காத்தாலயே ஏன் கேக்கல?"

"காத்தால பலகை வரல சார்."

"பலகை ஏன் வரல?"

"பலகையும் உள்ளதான் சார் இருக்குது."

இப்படிப் பேசிப் பேசியே நேரத்தப் போக்கிருவாங்க. கைவேலைய முடிச்சுட்டுத்தான் நான் போய்த் தொறப்பேன். அதுவரைக்கும் அந்த ஸ்டோர் முன்னாலயே நிக்கறாங்களே தவிர, வேற எடத்துல போயி நிக்கறதில்ல. எனக்கு சந்தேகம் வந்துருச்சு. அந்த எடத்துல என்னமோ இருக்குதுன்னு. தாராபுரத்துல இருந்து ஒரு வாஸ்துக்காரரைக் கூட்டிக்கிட்டு வந்தேன். அவரு பாத்த ஒடனே சொல்லிப்போட்டாரு. "இது ஆளை இழுத்து நிறுத்தற மூலை. இங்க யாரு வந்தாலும் கால் நகராது"ன்னாரு. பாருங்க, நான் வாட்ச்சு வெச்சு அளந்ததை அவரு சும்மா பாத்தே சொல்றாரு! பூசணிக்கா ஒடச்சு, எலுமிச்சம்பழம் வெட்டிப்போட்டோம். பச்சையம்மா கும்புட்டுக்கிட்டே கேட்டுச்சு: "சாமி, கதவுக்கும் பரிகாரம் ஏதாச்சும் உண்டுங்களா?" அதுக்குக் கூட பக்தி இருக்குதுங்க.

நீங்களும் சிரிக்கறீங்க. அந்த வாஸ்துக்காரரை நெனச்சுத்தானே? அவரு மூஞ்சி அப்படித்தான் இருக்கும்.

தீவாளி முடிஞ்சதும் மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மண்டபம் பாக்க வந்தாங்க. ஈரோட்டுக்காரங்க, வெள்ளை வேட்டி, வெள்ளைக் காரு. சோத்துக்கூடத்துக்கு மேல வானந்தான் கூரை. மாப்பிள்ளையோட அப்பா மேல பாத்தாரு. "மாசியில மழை வராதுங்களா?"ன்னு கேட்டாரு. அவ்வளவுதான் கேட்டாரு. மொதலாளி மூஞ்சி கருத்துப்போச்சு.

அவிங்க போனதும் எல்லாருக்கும் கேக்கற மாதிரியே கத்துனாரு. "இந்த ஊத்தங்கரைக் கூட்டத்த வெச்சுக்கிட்டு என்ற மானந்தான் போகுது. வர்ற வாரம் வேற ஆளுகளை எறக்கறேன். இவங்கல்லாம் மூட்டையக் கட்டட்டும்."

பச்சையம்மா அங்கதான் பாண்டுச் சட்டியோட நின்னுக்கிட்டிருந்துச்சு. சட்டிய எறக்கி வெச்சுட்டுத் தகரக் கொட்டாய்ப் பக்கம் பாத்துச்சு. பள்ளிக்கூடம் விட்டு அது மக நீலப் பாவாடையோட வந்துக்கிட்டிருந்தா. "டீச்சர் பேரு இப்பத்தான் சார் மனப்பாடமா சொல்றா"ன்னுச்சு, என்கிட்ட இல்ல, பொதுவா.

மிருதுளா அம்மணியும் அன்னிக்கு வந்திருந்துச்சு. பல்லு டாக்டரில்லீங்களா, எதைப் பாத்தாலும் எங்க வலிக்குதுன்னு கேக்கும். அப்பாவக் காருல ஏத்தி அனுப்பிப்போட்டு, பச்சையம்மாவக் கூட்டிக்கிட்டுத் தண்ணித் தொட்டிக்குப் பின்னால போயி ரொம்ப நேரம் பேசுச்சு. பச்சையம்மா கையை ஆட்டி ஆட்டி என்னமோ சொல்லுது. இடுப்புல சாவிய எடுக்கற மாதிரி, விசிலு ஊதற மாதிரியெல்லாம் நடிச்சுக் காட்டுது. மொதல்ல ரெண்டு பேரும் கவலையாத்தான் இருந்தாங்க. அப்புறம் அம்மணி தொட்டியப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்குது. பொம்பளைங்க, சீலை விசயம் ஏதாச்சும் பேசுவாங்கன்னு நான் அந்தப் பக்கம் போகல.

மறுநாளு காத்தால அம்மணி என்கிட்ட வந்துச்சு.

"சிகாமணிண்ணா, எனக்கொரு ஒதவி வேணும். உங்களை விட்டா இதுக்கு ஆளே இல்ல."

"சொல்லுங்க அம்மணி."

"கல்யாணச் சமையலுக்கு ஆளு புடிக்கணும். அப்பாவுக்குச் சக்கரை, அம்மாவுக்கு ருசி தெரியாது. நீங்கதான் நாலு ஊருக்குப் போயிச் சாப்பிட்டுப் பாத்துச் சொல்லணும். உங்க நாக்கு மேல எனக்கு நம்பிக்கை."

எனக்கே தெரியாதுங்க, என்ற நாக்கு இவ்வளவு பேரெடுத்திருக்குதுன்னு. "சைட்டு இருக்குதே அம்மணி"ன்னேன். "அதான் நீங்க பயிற்சி குடுத்து வெச்சிருக்கீங்களே அண்ணா, ஆளு மாத்தாம இருக்க அப்பாகிட்டப் பத்து நாளு கேட்டிருக்கறேன், அதுவரைக்கும் கூடவா தாங்காது? சாவிய மட்டும் குடுத்துட்டுப் போங்க"ன்னுச்சு. மொதலாளி மக கேக்குது, குடுக்காம இருக்க முடியுமா? குடுத்தேன். அம்மணி அதை அப்படியே பச்சையம்மா கையில குடுத்துருச்சு. படத்தையும் ரூம்புல இருந்து எடுத்துச் செவுத்துல ஒட்டிருச்சு. அழுக்காகும்னு சொன்னேன். "ஆகட்டுண்ணா, நீங்க கெளம்புங்க, கொடுவாய்ச் சமையல்காரரு இலை போட்டுக் காத்துக்கிட்டிருப்பாரு"ன்னுச்சு.

கொடுவாய், உடுமலை, பொள்ளாச்சி, கோபின்னு போனேன். ஒவ்வொரு எடத்துலயும் தலைவாழை எலைதான். சாம்பாருல பெருங்காயம் தூக்கல், பாயாசத்துல ஏலக்காய் கம்மின்னு சொல்லுவேன். அம்மணி போன்லயே கேட்டுக்கும். "அப்ப இன்னொரு எடம் பாருங்கண்ணா"ங்கும். பொறுப்பான புள்ள.

பத்து நாளு கழிச்சு சைட்டுக்கு வந்து பாத்தா, ஏனுங்க, எனக்குக் கண்ணையே நம்ப முடியல. சோத்துக்கூடத்துச் செவுரு நாலு பக்கமும் முடிஞ்சு, சன்னல் வெச்சு, மேல கூரை போடறதுக்குப் பலகையடிச்சுக் கம்பியும் கட்டியாச்சு. மொதலாளி வேற ஆளுகளை எறக்கற பேச்சையே எடுக்கல. "சிகாமணி, எப்படியப்பா?"ன்னாரு. எனக்கே அப்பத்தான் புரிஞ்சுது. சிமெண்ட்டு பூசுன ஒடனே இறுகுதுங்களா? தண்ணி ஊத்திக் காத்திருக்கணும். என்ற பயிற்சியும் அப்படித்தான். நான் ஆடியில சொல்லிக் குடுத்தது அவிங்களுக்குக் கார்த்திகையிலதான் இறுகியிருக்குது. அதையே மொதலாளிகிட்டயும் சொன்னேன். அவரு செவுத்துல ஒட்டியிருந்த படத்தையும் என்னையும் மாத்தி மாத்திப் பாத்தாரு.

இனி நானும் கூட இருந்தா இன்னும் வேகமா முடியும்னு சாவியக் கேட்டேன். பச்சையம்மா அம்மணியப் பாத்துச்சு. அம்மணி, "அண்ணா, பந்திக்கு வெத்தலை பீடா போடறவங்களை இன்னும் பாக்கலையே"ன்னுச்சு. மறுபடி கெளம்பிட்டேன்.

கூரைக்குக் கான்கிரீட் போட்ட அன்னிக்கு நடந்ததைச் சொல்லணும். அன்னிக்கு நான் கரூருல இருக்க வேண்டியது. பீடாக்காரரு ஊருல இல்ல. சரி, கூரை போடற அன்னிக்கு நாம இல்லாம எப்படின்னு நேரா சைட்டுக்கு வந்துட்டேன். கேட்டுக்குப் பக்கத்துல நின்னுருந்த ஜல்லி லாரிக்குப் பின்னாலயே நின்னுட்டேனுங்க.

என்னத்தச் சொல்ல. கலவை மெஷினு ஓடுது. அங்கிருந்து ஏணி வழியா மேல வரைக்கும் ஆளுக வரிசையா நிக்கறாங்க. பாண்டுச் சட்டி கைக்குக் கை தாவிப் போகுது, காலிச் சட்டி இந்தப் பக்கம் எறங்கி வருது. ஒருத்தரு நிக்கல. எல்லாரும் பேசறாங்க, பாடறாங்க, மேல இருந்து முனிரத்தினம் வாயில வெத்தலையே இல்லாம "தண்ணி கம்மி பண்ணு! அந்த மூலைக்கு ரெண்டு சட்டி!"ன்னு கத்தறாரு. முனிரத்தினத்துக்குத் தொண்டை இருக்குதுன்னே அன்னிக்குத்தான் தெரியும். ஸ்டோர் கதவு அகலத் தொறந்து கெடக்குது. அந்த வாஸ்து மூலையில ஒரு ஆளு நிக்கல, பரிகாரம் அப்படி வேலை செஞ்சிருக்குது. பச்சையம்மா கண்ணு எல்லாப் பக்கமும் இருக்குது. கெழக்க வானம் கருகருன்னு ஏறிக்கிட்டு வருது. மழை வர்றதுக்குள்ள முடிக்கணும், நடுவுல நிறுத்துனா கூரையில இணைப்பு விட்டுப்போயி ஒழுகும். அது அவிங்களுக்கும் தெரியும். காத்து குளுந்து அடிக்குது, அவிங்க வேர்வையில நனைஞ்சு கெடக்கறாங்க.

எனக்குக் கண்ணு கலங்கிருச்சுங்க. பொய் சொல்லல. லாரிக்குப் பின்னால நின்னு துண்டுல தொடச்சுக்கிட்டேன். ஒரு ஆளுகூட என்னைத் தேடல. சார் எங்கன்னு ஒருத்தருகூடக் கேக்கல. நெஞ்சுக்குள்ள என்னமோ பண்ணுச்சு. என்னன்னு சொல்லத் தெரியல. அப்புறம் நெனச்சுக்கிட்டேன், நாம கத்துக்குடுத்தது இவ்வளவு ஆழமா எறங்கியிருக்குதேன்னு சந்தோசந்தான் அது. வேறென்னவா இருக்கும்?

அந்த சந்தோசத்துல என்னையறியாம விசிலை எடுத்து ஊதிட்டேன்.

அவ்வளவுதான். ஆளுகளோட சங்கிலி அப்படியே நின்னுருச்சு. பாதி ஏணியில ஒரு சட்டி கை நழுவிக் கீழ கொட்டிருச்சு. ரெண்டு தடவை ஊதிட்டேனாட்ட இருக்குது, டீ குடிக்கலாம்னு ஒருத்தன் எறங்கிட்டான். மேல இருந்து முனிரத்தினம், "யோவ், ஊதாதய்யா!"ன்னு கத்துனாரு. என்னைய! மரியாதை இல்லாம. பச்சையம்மா திரும்பி என்னைப் பாத்துச்சு. மழைத்துளி ஒண்ணு என்ற மூக்கு மேல விழுந்துச்சு.

"நிக்காதீங்கடி!"ன்னு அது போட்ட சத்தம் இருக்குதே, ரோட்டு லாரியெல்லாம் நின்னிருக்கும். சங்கிலி மறுபடி ஓடுச்சு. அது நேரா என்கிட்ட வந்துச்சு. திட்டப்போகுதுன்னு நெனச்சேன். கைய நீட்டி, "சார், அந்த விசிலைக் கொஞ்சம் குடுங்க"ன்னுச்சு. குடுத்தேன். சீலை முந்தியில முடிஞ்சுக்கிச்சு. அப்புறம் என்ற கையில காலிச் சட்டியக் குடுத்து, வரிசையில ஒரு எடம் காட்டுச்சு. "இங்க ஆளு கம்மியா இருக்குது சார். அவ குடுக்கறதை வாங்கி இவகிட்டக் குடுங்க. வேற ஒண்ணும் யோசிக்க வேண்டாம்."

நின்னேனுங்க. சட்டை, வேட்டியெல்லாம் சிமெண்ட்டு. வாங்குனேன், குடுத்தேன். பக்கத்துல இருந்தவ பாடுனா, நானும் கூடப் பாடுனேன். இந்தப் பக்கம் இருந்தவ, "சாருக்கு நல்ல குரலு"ன்னா. மழை நல்லாப் புடிக்கறதுக்குள்ள மேல தார்ப்பாயப் போட்டு மூடியாச்சு. எல்லாரும் நனைஞ்சுக்கிட்டே டீ குடிச்சோம். சொன்னா நம்ப மாட்டீங்க, சூப்பர்வைசரான பொறவு நான் அவ்வளவு சந்தோசமா இருந்த நாளு வேற இல்ல. ஆனா அதை வெளிய சொல்ல முடியாது பாருங்க. நம்ம மதிப்பு என்னாகறது?

மறுநாளே அம்மணி என்னைய நாதஸ்வரக்காரங்களைப் பாக்கத் தஞ்சாவூருப் பக்கம் அனுப்பிருச்சு.

மாசியில கல்யாணம் நல்லபடியா நடந்துச்சு. ஒழுகல. மாப்பிள்ளையோட அப்பா மேல பாத்தாரு, ஒண்ணும் கேக்கல. சாப்பாடு அப்படி இருந்துச்சு, அதுக்கு நான் பொறுப்பு. பந்தி முடிஞ்சு மொதலாளி மேடையிலயே என்னையக் கூப்பிட்டுச் சால்வை போத்துனாரு. கீழ இருந்து கை தட்டல் பாருங்க, ஊத்தங்கரைக் கூட்டந்தான் மண்டபமே அதிர்ற மாதிரி தட்டுது. பச்சையம்மா பட்டுச்சீலை கட்டி மகளோட முன்வரிசையில நின்னு, என்ற விசிலை எடுத்து ஊதுது! எவ்வளவு பாசம் இருந்தா அப்படி ஊதும்?

ஆளுக இப்பவும் காங்கேயத்துலதான் இருக்கறாங்க. மண்டபத்துக்குப் பின்னால தங்கற ரூம்புக கட்டறாங்க. பச்சையம்மா மக பரிச்சை முடிச்சு அடுத்த வகுப்புக்கும் அங்கயே போயிட்டா. சாவி பச்சையம்மாகிட்டயேதான் இருக்குது. நான் கேக்கல. எனக்கு வேற பொறுப்பு வந்துருச்சுங்களே.

கல்யாணம் முடிஞ்சு ஈரோட்டுக்குக் கெளம்பறப்ப அம்மணி அழுதுக்கிட்டே அப்பாகிட்டச் சொல்லுச்சு: "சிகாமணிண்ணாவ ஒரே சைட்டுல கட்டிப் போட்றாதீங்கப்பா. அவரு எல்லாச் சைட்டுக்கும் வேணும்." அந்த நேரத்துலயும் என்னைய நெனச்சிருக்குது பாருங்க. மொதலாளி இப்ப மூணு எடத்துல கட்டறாரு. காங்கேயத்துல ரூம்பு, தாராபுரத்துல குடோனு, ஒட்டன்சத்திரத்துல கடைக. மூணையும் நாந்தான் பாக்கறேன். அதான் எப்பவும் பஸ்சுல.

எங்க போனாலும் என்ற பேருக்கு அவ்வளவு மரியாதைங்க. இன்னிக்குக் காத்தாலகூடக் காங்கேயத்துல எறங்குனேன். பச்சையம்மா ஓடி வந்து டீ வாங்கிக் குடுத்து, "சார், தாராபுரத்துல உங்களை எதிர்பாத்துக்கிட்டு இருப்பாங்க"ன்னு இந்த பஸ்சுல ஏத்தி விட்டுருச்சு.

ஒரு நிமிசம், போன் அடிக்குது.

"சொல்லப்பா... ஆமா, பஸ்சுல வந்துக்கிட்டேதான் இருக்கறேன்... அப்படியா? ஒட்டன்சத்திரத்துல அவசரமா? சரி, சரி. அப்ப நேரா அங்கயே போயிக்கறேன். நீங்க பாத்துக்குவீங்கல்ல? சரி."

தாராபுரத்து மேஸ்திரி. ஒட்டன்சத்திரத்துல நான் அவசரமாத் தேவைப்படறேனாம். ஒட்டன்சத்திரத்துக்காரனுக்கு ஒரு வார்த்தை சொல்லிப்போடறேன், இருங்க.

"அப்பா, நான் நேரா அங்க வர்றேன்... எங்க? தாராபுரத்துலயா? இப்பத்தான் அவன்... இல்ல, அவன் சொன்னது... சரி. சரி விடு."

ம்.

ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தரு நெனச்சு என்னைய விட்டுக் குடுக்கறாங்க. நல்ல பசங்க.

ஆமா, இவ்வளவு நேரம் பேசறேன், உங்களை ஒண்ணும் கேக்கலையே. நீங்க எங்க எறங்கறீங்க? திண்டுக்கல்லா?

கண்டக்டரே! எனக்கும் திண்டுக்கல்லுக்கே ஒரு டிக்கெட்டுக் குடுங்க. அங்க நமக்கு சைட்டு இல்லதானுங்க. அதனால என்ன? நான் அனுபவத்துல கண்டதைச் சொல்றேன், எந்தப் பயிற்சியிலயும் சொல்லிக் குடுக்க மாட்டாங்க: நான் எவ்வளவு தூரம் போறனோ, அவ்வளவு வேகமா வேலை நடக்குதுங்க.